மதலேன் அக்கா டொக்டருக்குச் சொன்னது

மதலேன் அக்கா அன்று என் சொல்வழி கேட்டிருந்தால் எனக்கு இன்று ஒரு கண் இல்லை. அந்த மனுசிக்கு நான் எத்தனை பிறவி எடுத்து நன்றி சொன்னாலும் காணாது.

பாரிசின் லா சப்பலில் அவரைத் தெரியாத தமிழர் இல்லை. மன்னார்ப் பெண். விடியவே நகருக்கு வெளியே சார்செலில் இருந்து வந்து கொம்பனிக் கந்தோர்கள் கூட்டித் துடைப்பார். பத்து மணிக்கு மேல் எங்கள் ஆட்களோடு விசா அலுவலுக்குப் பிரெபெக்சர், வருத்தத்துக்கு ஆஸ்பத்திரி என்று அலைவார். பிரெஞ்சு தெரியாத எங்களுக்கு அவர்தான் வாய். அதற்கு ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஆனால் கலியாணம் பேசுவதிலும் கை தேர்ந்தவர். அதுதான் எனக்குப் பயம்.

1986 மாசியில், ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவும்போது என் கண்ணாடி விழுந்து உடைந்தது. சோடாப் போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடி. புதிது எழுதுவிக்க அக்கா கண் டொக்டரிடம் கூட்டிப்போனார்.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படியா, பார்வை போனவர்கள் உண்டா என்று அந்த டொக்டர் மதாம் கேட்டாராம். அக்கா தமிழில் சொன்னார்.

"ஒருத்தருக்கும் இல்லை," என்றேன்.

பச்சைப் பொய். அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே ஒரு கண் போனது. பெரியண்ணைக்கும் அதே கதை. ஆனால் ஊரில் தங்கை பேர்ளி கலியாணத்துக்கு நிற்கிறாள், அவளுக்கும் தடித்த கண்ணாடி. சார்செல் மாப்பிள்ளை ஒருவருக்கு அக்கா அவளைத்தான் பேசிக்கொண்டிருந்தார். பரம்பரை வருத்தம் என்று என் வாயாலேயே சொல்வேனா? எனக்கென்ன விசரா?

நான் சொன்னது இரண்டே சொல். அக்கா பேசியதோ இரண்டு நிமிடம். சீட்டு எழுதிக்கொண்டிருந்த டொக்டர் பேனையை வைத்தார். கண்ணில் துளிமருந்து விட்டு, விளக்கை அணைத்து, வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். வலது கண்ணின் உட்திரையில், ஓரமாக, ஒரு கிழிசல். கடுமையான கிட்டப்பார்வை சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். கண் நீண்டு, திரை மெலிந்துவிடுமாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் திரை கழன்றிருக்கும் என்றார். அன்றே லேசர் அடித்து ஒட்டினார்கள்.

வெளியே வாங்குப் பலகையில் இருந்ததும் அக்காவிடம் பாய்ந்தேன். "என்னக்கா சொன்னனீங்கள் அவவுக்கு?"

"கொப்பரையும் கொண்ணரையும் பற்றித்தான். அவையின்ரை கண் போன கதையை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மொக்குப் பெடியா, பொம்பிளை கேக்க வெளிக்கிட்டுப்போட்டு ஊரிலை விசாரிக்காமல் விடுவமோ? போன மாதமே கடிதம் வந்திட்டுது."

தங்கையின் வாழ்க்கை போச்சென்றே நினைத்தேன். "அப்ப... சம்பந்தம்?"

"மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்டும் ஒளிக்கேல்லை. 'பிள்ளையள் பிறந்தால் சின்னனிலையே கண் டொக்டரிட்டைக் காட்டுவம், பொம்பிளை வரட்டும்' எண்டு நேற்றுத்தான் சொன்னவை. உன்ரை அலுவல் முடியட்டும், பிறகு சொல்லுவமெண்டு இருந்தன்."

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, போறவாற சனமெல்லாம் பார்க்க, விக்கி விக்கி அழுதேன்.

"டேய் லூர்து, கண்ணைக் கசக்காதையடா," என்று அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "இப்பதான் ஒட்டினது."