ஆரிஸ் துரை விழுங்கிய எழுத்து

நேற்று தொலைக்காட்சியில் ஒரு வெள்ளைக்காரக் கிரிக்கெட் ஆட்டக்காரர் பேசிக்கொண்டிருந்தார். 'வாட்டர்' என்பதில் நடுவிலிருந்த எழுத்தைக் காணோம். 'ஹவுஸ்' வெறும் 'அவுஸ்' ஆகி வந்தது. "இவருக்கு இங்கிலீஷே வரல தாத்தா" என்று பேத்தி தீர்ப்பே சொல்லிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி விழுங்கப்பட்ட ஓர் எழுத்தால் என் வேலையே போகப் பார்த்தது.

இரண்டாவது உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தைய காலம். தென்காசி ரயில் நிலையத்தில் டிக்கெட் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, வேலை நிரந்தரமாகவில்லை. செங்கோட்டை ரயில் பாதையைப் பார்த்துக்கொண்ட இன்ஸ்பெக்டர் லண்டன்காரர். தன் பெயர் 'ஆரிஸ்' என்று அவரே சொன்னார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் அவர் ஹாரிஸ் என்று தெரிந்தது. பெயரைக் கெடுத்த பழி இந்த ஒரு தடவை எங்கள் மேல் இல்லை. அதற்காக நாங்கள் யோக்கியர்களும் இல்லை. அவர் எழுத்தை விடுவார், நாங்கள் சேர்ப்போம். நான் 'இஸ்டேஷன்' என்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் 'யெஞ்சின்' என்பார்.

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த ஓர் ஆடி மாதக் காலை. தண்டவாள டிராலியில் ஏறப்போன துரையிடம் மரியாதைக்காகத் துரைசானியின் சுகம் விசாரித்தேன்.

"மிஸ்ஸஸ்? அப் தி இல்!" என்று கத்திவிட்டுப் போயே போய்விட்டார்.

'இல்' என்றால் சுகமில்லை. சரி, 'அப்' எதற்கு? மேலே வருகிறது, அப்படியானால் வாந்தி! என் ஆங்கிலப் புலமை அப்படி. போர்ட்டர் மாடசாமி அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, தொரசானிக்கு வாந்தியாம். டாக்டரக் கூட்டிக்கிட்டு குத்தாலத்துக்கு ஓடுங்க!"

"ஐயையோ, நேத்துகூட நல்லாத்தான நடந்து போனாவ!"

குதிரை வண்டி பறந்தது. குற்றாலத்தில் துரை பங்களாவின் முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அண்ணாச்சியும் டாக்டரும் தட்டினார்கள், கூப்பிட்டார்கள், பதில் இல்லை. மயங்கிக் கிடக்கிறார் என்று முடிவுகட்டிக் கதவை உடைத்தேவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, காலையிலேயே பின்கதவைப் பூட்டிக்கொண்டு மலைமேல் செண்பகாதேவி அருவிக்குப் போயிருந்த துரைசானி, குடையும் தானுமாக நனைந்து வந்து நின்றார்.

மத்தியானம் துரை என்னைப் பங்களாவுக்கு வரச் சொன்னார். உடைந்த கதவு சுவரில் சாய்ந்திருந்தது. மேஜைமேல் என்னைப் பற்றிய புகார்த் தாள்.

"காலையில் நான் என்ன சொன்னேன்?"

"இல், சார்."

"ஆமாம், இல்!"

"நானும் அதைத்தான் சார் சொல்கிறேன். இல்."

"இல், மேன், இல்!" என்று முகம் சிவக்க, ஜன்னல் வழியே மலையைக் காட்டினார்.

ஹில்! மலைமேல் போயிருக்கிறார் என்பதைத்தான் காலையில் சொல்லியிருக்கிறார். துரைசானியோ நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அந்த எழுத்தைச் சொல்லுங்கள் என்று இருபது வருஷமாக நான் கெஞ்சுகிறேன்!"

துரை சிரிக்கவில்லை. தணிந்த குரலில் சொன்னார். வெள்ளைக்காரர் கிளப்பில் பெரிய அதிகாரிகள் அவரைப் போலவே பேசிக்காட்டிச் சிரிப்பார்களாம். அவர் ஊரில் கூலிக்காரர்கள்தான் அந்த எழுத்தை விழுங்குவார்களாம்; துறைமுகக் கூலியின் மகன் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுமாம். அதனால்தான் கிளப்பை விட்டு, இந்த மலைப்பாதையைக் கேட்டு வாங்கி வந்தாராம். வெள்ளைக்காரர்களெல்லாம் ஒரே ஜாதி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காமல் உதவிக்கு ஓடினவன் நீ ஒருத்தன்தான்" என்று தாளைக் கிழித்துப் போட்டார்.

அதன்பின் என்னிடம் மட்டும் அந்த எழுத்தை மூச்சுப் பிடித்துச் சொல்வார். உற்சாகத்தில் 'ஹாபீஸ்', 'ஹெஞ்சின்' என்று வேண்டாத இடத்திலும் வரும். நான் திருத்தவில்லை. நம் லட்சணம் நமக்குத் தெரியாதா?

சுதந்திரம் வந்த வருஷம் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். மாலையில்லை, பாண்டு வாத்தியம் இல்லை. தண்டவாள வேலையாட்கள் நாலு பேர், மாடசாமி அண்ணாச்சி, நான்.

"போயிட்டு வாங்க தொரே" என்றார் அண்ணாச்சி.

"வாரேன்லே" என்றார் துரை, சுத்தமாக.

அப்புறம் கடிதமில்லை. பங்களாவை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். மாடசாமி அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார். துரைக்கு மீசை இருந்ததா, இல்லையா என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. கேட்டுக்கொள்ள ஓர் ஆள் இல்லை.