வெந்நீருக்கு மூன்று கொட்டேஷன்

சென்னையில் வெந்நீர் வேண்டும் என்று கேட்பவனை இந்த ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். மே மாத மதியத்தில் குழாயைத் திறந்து பிடித்தால் அதிலேயே காப்பி கலந்துவிடலாம். அதனால், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை எங்கள் கேஸ் கீசர் உயிரை விட்டபோது, அப்பார்ட்மென்ட் செயலாளர் எனக்குச் சொன்ன ஆறுதல் இது: "இன்னும் ரெண்டு மாசம் இழுத்துடுங்க சார். அப்புறம் மொட்டை மாடி டேங்க்கே கீசர்தான்."

என் மனைவியின் வலது தோள்பட்டை பற்றி அவருக்குத் தெரியாது.

அவள் கணக்கு டீச்சர். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தோள் இறுகிப்போய்விட்டது. தினமும் காலையில் பத்து நிமிடம் தோளில் வெந்நீர் விழ வேண்டும், சூடு ஆறுவதற்குள் சுவரில் விரல்களை எறும்பு போல மேலே ஏற்ற வேண்டும், எதுவரை ஏறியதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும் என்றார் டாக்டர். ஈஸ்டருக்குள் கோடு தலைக்கு மேலே போகாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத் தானே திருகிவிடுவதாகவும் சொன்னார். ஊறுகாய் ஜாடியைத் திறப்பது போலக் கையால் செய்துகாட்டினார். "பக்கெட் மட்டும் தூக்கவே கூடாது" என்பது கடைசி நிபந்தனை.

ஆக, கீசர் போனால் பக்கெட்டைத் தூக்க வேண்டியவன் நான். சமையலறையில் பெரிய குண்டானில் கொதிக்கவைத்து, பக்கெட்டில் விளாவி, கூடத்தைக் கடந்து குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டில் கூடம் சின்னதுதான். பக்கெட்டோடு நடக்கும்போதுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

"தி.நகர் போங்க. ஒண்ணு வாங்குங்க. மாட்டச் சொல்லுங்க," என்றாள் மனைவி. மூன்றே வாக்கியம். ஒரு சாதாரண மனிதனுக்கு இது போதும்.

நான் சாதாரண மனிதன் இல்லை. முப்பத்திரண்டு வருடம் ஒரு அரசு நிறுவனத்தில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். குண்டூசி வாங்கினாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, மூன்றையும் ஒட்டிய கவரில் பெற்று, சாட்சி வைத்துப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் கொடுத்துப் பழகியவன். ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு கிலோ கத்திரிக்காயோடு வீடு திரும்ப ஆகும் நேரத்தில் என் மனைவி சாம்பாரை வெறும் பருப்போடு இறக்கிவிடுவாள்.

"மூணு கொட்டேஷன் வாங்காம எப்படி?" என்றேன்.

"தோள் ஒண்ணுதானே," என்றாள்.

தி.நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேர்."

"பக்கெட் குளியலா, ஷவரா?"

"தோள்பட்டை."

அவர் ஒரு நொடி யோசித்தார். நல்ல விற்பனையாளர். "தோள்பட்டைக்கு நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் வர்ற மாடல் தாராளம் சார்."

"சரி. அதுக்கு லெட்டர்ஹெட்ல ஒரு கொட்டேஷன் குடுங்க. ஜிஎஸ்டி தனியா, மாட்டுற கூலி தனியா, விலை முப்பது நாளைக்கு மாறாதுன்னு ஒரு வரி. கவர்ல போட்டு ஒட்டிடுங்க."

"விலை ஸ்டிக்கர்லயே இருக்கே சார்."

"ஸ்டிக்கர் கொட்டேஷன் ஆகாது."

அவர் குரலில் திடீரென்று ஒரு பணிவு வந்தது. "எத்தனை பீஸ் சார் எடுக்கறீங்க? லாட்ஜுக்கா?"

"ஒண்ணு."

மேனேஜரைக் கூட்டிவருவதாகச் சொல்லிப் போனார். ஒரு வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. பத்து நிமிடம் நின்றேன். ஏசி நன்றாக இருந்தது.

பிறகு, மந்தைவெளி மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கை வரவழைத்தேன். பின் பால்கனியில் தொங்கிய கீசரின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர், துக்க வீட்டில் நிற்பவர் போலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"இன்னா சார் இது, செம்புக் கொயா பூரா சல்லடை கணக்கா கீது. உப்புத் தண்ணி துன்னுட்ச்சி. யாரு சார் இத வாங்கச் சொன்னது?"

நான்தான். மின்வெட்டுக் காலத்தில், ஊரே மெழுகுவத்தியும் கையுமாக அலைந்தபோது, கரண்டை நம்பாத கீசர் வாங்கிய தீர்க்கதரிசி என்று என்னை நானே பல கல்யாண வீடுகளில் பாராட்டியிருக்கிறேன்.

"புச்சு மாட்டிரலாம். நாளிக்கே எடுத்தாறேன்," என்று விலையும் சொன்னார்.

"எழுதிக் குடுங்க."

"வாயால சொன்னா பத்தாதா சார்? நா எங்க ஓடிடப் போறேன். மார்க்கெட்லதான் குந்திகினு கீறேன்."

"இல்லப்பா. மூணு பேர்கிட்ட வாங்கணும். கவர்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு கனிவு படர்ந்தது. "ஆபீஸ்ல இருந்தியா சார்?"

"பர்ச்சேஸ்ல."

"அதான பாத்தேன். மூணு கவர்தான? டென்சன் ஆவாத சார். மூணையும் நானே எடுத்தாறேன்."

வெயிலில் நான் அலைய வேண்டாமென்று இன்னும் இரண்டு கடைக்காரர்களைப் பார்த்துக் கேட்டு வாங்கிவரப் போகிறார் என்று நினைத்து உருகிப்போனேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று மனைவியிடமும் சொன்னேன். அவள் கூடத்துச் சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் நாளைக் குறித்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர், நாள் குறிக்காமல் இருக்கமாட்டாள்.

அந்த ஞாயிறு பூசையில் ஒன்றைக் கவனித்தேன். 'தந்தை' என்று சொல்லிச் சிலுவை போடும்போது, நெற்றியைத் தொட வேண்டிய அவள் கை மார்பு உயரத்துக்கு மேல் ஏறவில்லை. அதனால் நெற்றி கீழே இறங்கி வந்தது. மார்புவரை குனிந்து, கையைச் சந்தித்துவிட்டுத் திரும்பியது. பூசை முடிந்ததும், பீடத்துக்குப் பூ வைக்கும் அக்கா என் மனைவியின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், தவக்காலம்னா உங்களை மாதிரி இருக்கணும். எவ்வளவு தாழ்ச்சியா சிலுவை போடறீங்க. எங்க வீட்டு மருமகளும்தான் போடறா, ஈ ஓட்டற மாதிரி."

என் மனைவி தாழ்ச்சியாகவே சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று கவர்களும் வந்தன. சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். கத்தரிக்கோல் எடுத்தேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவியைச் சாட்சியாக உட்காரவைத்தேன். முதலாவது மெக்கானிக்கின் கடை. இரண்டாவது கொட்டிவாக்கத்தில் ஒரு பெயின்ட் கடையின் லெட்டர்ஹெட். மூன்றாவது பாலவாக்கத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் விற்கும் ஏஜென்சி. விலைகள் படிக்கட்டு போல அழகாக ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறின. குறைந்த விலை, எதிர்பார்த்தபடி, மெக்கானிக்குடையது.

"பாத்தியா, போட்டி வந்தா விலை எப்படிக் குறையுதுன்னு," என்றேன்.

அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூன்று தாள்களையும் இழுத்துப் பார்த்தாள். "மூணுலயும் ஒரே கையெழுத்து."

"ஒரு கிளார்க் மூணு கடைக்கும் எழுதுவாரா இருக்கும்."

"மூணுலயும் ஒரே கட்டைவிரல்."

இருந்தது. மூன்று தாள்களின் வலது ஓரத்திலும் ஒரே கிரீஸ் ரேகை. நடுவில் பழைய வெட்டுத் தழும்பு உட்பட.

"பரீட்சைல இப்படி மூணு பேப்பர் வந்தா மூணு பேரையும் வெளில நிறுத்துவேன்," என்றாள். "இங்க நிறுத்தறதுக்கு ஒரு ஆள்தான் இருக்கார்." சற்று நேரம் கழித்து, திருத்திக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, ஆபீஸ்ல நீங்க பிரிச்ச கவரெல்லாம்?"

"சேச்சே," என்றேன்.

சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றேன். மின்விசிறிக்கு வந்த மூன்று கவர்களிலும் ஒரே ஊதுபத்தி வாசனை அடித்தது ஞாபகம் வந்தது. வணிகர்கள் எல்லோரும் பக்திமான்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். நாற்காலிக்கு வந்த மூன்று கவர்களையும் ஒரே ஆள் கொண்டுவந்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. முப்பத்திரண்டு வருடம் நான் மூன்று பேரை மோதவிட்டேன் என்று நினைத்தேன். ஒரே ஆள் தன்னோடு தானே மோதி, ஒவ்வொரு முறையும் தானே ஜெயித்திருக்கிறான். நான் நடுவராக நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இந்த ஞானோதயத்துக்குப் பிறகு ஒருவன் என்ன செய்ய வேண்டும்? நான் மறு டெண்டர் விட்டேன்.

திங்கட்கிழமை காலை பக்கெட்டைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ 'கடக்' என்றது. அதன் பிறகு நானும் சிலுவை போடாமலேயே குனிந்து நடக்க ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் மனைவி சொன்னாள்: "இனிமே பக்கெட் வேண்டாங்க. மோட்டார் போட்டதும் டேங்க் தண்ணியே இதமா வருது. அதுவே போதும்."

செயலாளர் சொன்னது பலித்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அவசரம் தீர்ந்தது. நிதானமாகப் புதிய கொட்டேஷன் கேட்டு நாலு கடைகளுக்கு எழுதினேன். பட்டியலுக்குக் கட்டம் போட்டு, ஸ்கேலால் இரட்டைக் கோடு இழுத்தேன்.

இரட்டைக் கோடு இழுத்தவன் பென்சில் கோட்டைப் பார்க்கவில்லை. மறு திங்கட்கிழமை, கூட்டுவதற்காகக் கூடத்து நாற்காலியை நகர்த்தியபோதுதான் கண்ணில் பட்டது. கடைசிக் கோடு அவள் கண் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் எழுதியிருந்த நாள், நான் கவர் பிரித்த சனிக்கிழமைக்கு மறுநாள். அதற்கு மேலே சுவர் வெள்ளையாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்து கையை நீட்டினேன். சில்லென்றிருந்தது.

"டேங்க் தண்ணி இதமா வருதுன்னியே?"

"வருதே. மதியம்."

"நீ மதியமா குளிக்கற?"

துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க பக்கெட்டோட வர்றதைப் பாத்தா தோள் வலி மறந்துபோகுது, பயம்தான் வருது. எந்த நிமிஷம் விழுவீங்களோன்னு. வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்." பிறகு மெதுவாக, "டாக்டர் திருகித்தான் விடட்டுமே. பத்து நிமிஷ வேலையாம்," என்றாள். கண் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஊசி என்றாலே பயம் என்பது கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

எங்கள் விதிப் புத்தகத்தில் அவசரக் கொள்முதல் என்று ஒரு பிரிவு உண்டு. ஆபத்து என்றால் ஒரே ஆளிடம், கொட்டேஷன் இல்லாமல், உடனே வாங்கலாம். அதைக் காட்டி வந்த கோப்புகளையெல்லாம் 'அவசரம் என்பதற்கு ஆதாரம் என்ன?' என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். இப்போது ஆதாரம் சுவரில் இருந்தது.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "இன்னிக்கே வேணும். எது நல்லதோ அதைக் கொண்டாங்க."

"கொட்டேசன்?"

"வேண்டாம்."

"ஒடம்பு கிடம்பு சரியில்லியா சார்?"

பதினோரு மணிக்கு வந்தார். ஒரு மணிக்கு வெந்நீர் கொட்டியது. கையை நனைத்துப் பார்த்துவிட்டு, "இந்த மெட்ராஸ்ல, இந்த வெயில்ல, வெந்நீருக்கு இம்மாம் பாடு பட்ட ஆள நா பாத்ததே இல்ல," என்றார். முதலில் வாயால் சொன்ன அதே விலையைத்தான் வாங்கிக்கொண்டார். படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

"சார், அந்த மூணு கவரு வச்சிகினு கீறியா?"

"ஏன்?"

"குடு சார். மந்தைவெளில உன்ன மாரி இன்னும் ரெண்டு ரிட்டேர்டு கீறாங்கோ."

கொடுத்தேன்.

அதன் பிறகு கோடுகள் ஏறின. ஒரு நாள் அரை அங்குலம், ஒரு நாள் ஒன்றுமே இல்லை, ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று திடீரென்று ஒரு தாவல். பெரிய வியாழனன்று டாக்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருக வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார். ஜாடி தானே திறந்துகொண்டது என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஈஸ்டர் காலைப் பூசையில் நான் பீடத்தைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் அவள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மார்பைத் தாண்டியது, முகவாயைத் தாண்டியது, நேராக நெற்றிக்குப் போய்த் தொட்டது. தலை ஒரு இம்மிகூடக் குனியவில்லை.

வெளியே வந்ததும் பூ வைக்கும் அக்கா என்னைத் தனியாக ஓரங்கட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. தவக்காலம் பூரா டீச்சர் எவ்வளவு பக்தியா சிலுவை போட்டாங்க. இன்னிக்கு என்னாச்சு? விறைப்பா நின்னு, எங்க மருமக மாதிரியே போடறாங்க. வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"புது கீசர் வாங்கினோம்க்கா," என்றேன்.

"அதான் பாத்தேன்," என்றார் அவர். "வசதி வந்துட்டா மனுஷனுக்குத் தலை குனியாது."