ஜீவிதா கேட்காத சந்தேகம்

பூப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு பழக்கம். காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் சூப்பர்வைசர் வேலை பிரிக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கேள்வி கேட்டவளுக்கு அன்றைக்கு வேலை அட்டை கடிக்கும் செங்குத்துத் தேயிலைக் காட்டில்தான். பக்கத்து வீட்டு செல்வலட்சுமி அக்கா ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. மகள் ஜீவிதாவுக்கும் சோறூட்டும்போதே அதையும் சேர்த்து ஊட்டிவிட்டாள்.

சித்திரையோடு அக்காவுக்கு வயசாகி வேலை முடிகிறது. வேலையில் ஆள் இருந்தால்தான் எஸ்டேட் தரும் லயத்து வீடு. காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் ஜீவிதா கொழுந்து எடுக்கப் போக வேண்டும். பி.காம் படித்தவள் வேறு வழி தேடினாள். போனில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்று, கோயம்புத்தூர் கம்பெனி வைக்கும் ஆன்லைன் பரீட்சையில் தேறினால் வேலை. அம்மாவை அங்கேயே கூட்டிப் போய்விடலாம்.

புத்திசாலிதான். "லயம் கட்ட வெள்ளக்காரன் போட்ட பிளான் இருக்குல்ல சித்தி, அதுதான் கிளாஸ். அதப் பாத்துக் கட்டுன ஒவ்வொரு வீடும் ஆப்ஜெக்ட்" என்று எனக்கே புரிய வைத்தாள். கணக்கைப் போட்டு விடை தரும் ஃபங்ஷனில்தான் இடித்தது. பிரின்ட் செய்தாலே விடை திரையில் தெரிகிறது, பிறகு விடையைத் திருப்பிக் கொடுக்கும் ரிட்டர்ன் எதற்கு? போன் வகுப்பு முடியும்போதெல்லாம், பாடம் எடுக்கும் கோபிநாத் சார், "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்பார். இவள் டைப் செய்வாள், அழிப்பாள்.

"கேளேன்டி" என்றேன்.

"வேண்டாம் சித்தி, தப்பா நினைப்பாக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரீட்சையில் எல்லா விடைகளும் திரையில் சரியாகவே வந்தன. ரிசல்ட் பூஜ்யம். அப்புறம்தான் சாருக்கு எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது. பிரின்ட் திரையில் காட்டுவதோடு சரி. திருத்தும் புரோகிராம் திரையைப் பார்க்காது, ஃபங்ஷன் ரிட்டர்ன் செய்வதைத்தான் வாங்கிப் பார்க்கும். இவள் எதையும் ரிட்டர்ன் செய்யவில்லை.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவ?"

"நீதானம்மா எங்கயும் வாயத் தொறக்காதன்னு சொன்ன."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்திரையில் ஜீவிதா வேலைக்குச் சேர்ந்தாள். வீடு தப்பியது. முதல் நாள் பெரட்டிலேயே, "பூட்ஸ் இல்லாம எப்படி சார் காட்டுல நிக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் செங்குத்துக் காடு. மறுநாளும் கேட்டாள், மறுநாளும் அதே காடு.

சாயங்காலம் அவள் காலில் அட்டை கடித்த இடங்களில் அக்கா மஞ்சள் பற்றுப் போடுகிறாள். வாயை மூடு என்று மட்டும் சொல்வதில்லை.