சந்தனம் வைத்த லேப்டாப்பில் போகாத பில்

அன்று காலை அந்த எண்ணெய் மண்டியில் நாலு பேர் இருந்தோம். மண்டி அண்ணாச்சி, கணக்குப் பார்க்கும் அக்கா, லோடு ஏற்றி வாசலில் நின்ற லாரியின் டிரைவர், கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்துக் கொடுக்கும் நான்.

லாரியோடு போக வேண்டிய ஈ-வே பில், அதாவது சரக்குக்கான ஜிஎஸ்டி சீட்டு, எடுக்கும் இணையதளம் திறக்கவில்லை என்று போன் வந்ததுமே ஓடி வந்திருந்தேன். போன வாரம்தான் அங்கே, இணையத்தில் வருவது போவதைக் காவல் பார்க்கும் ஃபயர்வால் பெட்டி மாட்டியிருந்தேன். மதுரையில் என் பொறுப்பில் கடனுக்கு எடுத்த பெட்டி. பாதிப் பணம்தான் வந்திருந்தது. மீதி, "ஒழுங்கா ஓடட்டும், பாப்போம்" என்று அண்ணாச்சியிடம் நின்றது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே எது நின்றாலும் என் கைதான் தப்பு செய்திருக்கும் என்று நினைப்பேன். நேராகப் பரணில் இருந்த பெட்டிக்கு ஏறினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். அணைத்துப் போட்டேன். மறுபடியும் வயர். கீழேயிருந்து அக்கா, "பாதுகாப்பில்லைன்னே சொல்லுது தம்பி" என்றார், ஒவ்வொரு தடவையும்.

"பத்தரைக்கு ராகு காலம் வே. அதுக்குள்ள வண்டி கெளம்பணும்" என்றார் அண்ணாச்சி.

"என் போன்ல எடுத்துட்டுப் போயிருவமே அண்ணாச்சி?" டிரைவர் கேட்டார்.

"மொதப் பில்லு இதுலதாம்லே போவணும். சந்தனம் வச்சிருக்குல்லா?"

எதற்குச் சந்தனம்? இறங்கிப் பார்த்தேன். மேசையில் புது லேப்டாப். அன்று காலை நல்ல நேரத்தில் பொட்டு வைத்துத் திறந்திருக்கிறார்கள். என்னிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வேலைக்கு இருப்பவர்கள் என்னென்ன பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என அண்ணாச்சி கேட்டிருந்தார். அதனால் பூட்டி வரும் தகவலையும் பெட்டி நடுவில் திறந்து பார்த்து, தன் முத்திரையைக் குத்தி மறுபடி பூட்டி அனுப்பும். பழைய கம்ப்யூட்டர்களுக்கு அந்த முத்திரையைப் பழக்கி வைத்திருந்தேன். புதுசுக்கு அது யாரோ எவரோ. நம்ப மறுத்தது.

இதைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்தார். "நடுவுல தொறக்குமா? அப்போ எம் மவளுக்கு நான் இங்கன இருந்து எழுதுனது?"

"பாக்க முடியும்க்கா."

அக்கா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி லாரியைப் பார்த்தார்.

முத்திரையை லேப்டாப்பில் ஏற்றினேன். அப்போதும் திறக்கவில்லை. அந்த பிரவுசர், நம்பும் முத்திரைகளுக்குத் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருப்பது பிறகுதான் உறைத்தது. அதிலும் ஏற்றினேன். தளம் வந்தது. பத்தரை தாண்டியிருந்தது.

"பன்னெண்டு வர நிக்கட்டும், ராகு காலம் முடியட்டும்" என்றார் அண்ணாச்சி.

"நிக்கதுக்கும் வாடகை உண்டு அண்ணாச்சி" என்றார் டிரைவர்.

"அத இவருகிட்ட கேளுலே. ஊர்ல உள்ள பூட்டயெல்லாம் தொறக்காரு, நம்ம பில்லத் தொறக்க முடியல."

டிரைவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். புது மெஷின் வருவதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்காமல் வயரைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

இப்போது அக்கா மகளுக்கு எழுத வேண்டுமென்றால் தெருவுக்கு வந்து நின்று தன் போனில் எழுதுகிறார். என்னைக் கண்டால் பேசுவதில்லை. மதுரைக்குத் தவணை நான்தான் கட்டுகிறேன். லாரி நின்ற வாடகையை என் பணத்தில் கழித்துக்கொண்டது போக, அண்ணாச்சி இன்னும் தர வேண்டியது ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.