ஆதிநாதனுக்குக் கிடைத்த ஜெபம்

ஜெபதாஸின் மனைவி பூங்கனி வேறொரு ஆணுக்காக அழுதாள். அந்த ஆள் கதையில் மட்டுமே இருந்தவன் என்பது ஜெபதாஸுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

அவன் பெயர் ஆதிநாதன். சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த தொடர்கதையின் நாயகன். பழைய பட்டினம் ஒன்றின் துறையில் மணல் ஏறிக் கப்பல் வரத்து நின்றுபோகிறது. வணிகர்கள் போகிறார்கள், அவர்கள் பின்னால் தச்சர்கள், கூத்தாடிகள், கடைசியில் நாய்களும். கரைக்கோவிலில் கப்பல்களுக்காக விளக்கேற்றும் ஆதிநாதன் மட்டும் மிஞ்சுகிறான். ஒரு மரக்கலமும் வராத கடலுக்கு எதற்கு விளக்கு, இதைக் கேட்கிற சாமிதான் எங்கே என்று அவன் மனம் அரிக்கிறது. 1953-இல் நாகர்கோவிலில் படித்தவர்கள் கூடிய இடமெல்லாம் இந்தக் கதைதான் பேச்சு.

ஜெபதாஸ் மயிலாடிக்காரன். அப்பா பனையேறி. அந்தத் தெருவிலேயே முதல் பி.ஏ. அவன்தான். நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருநெல்வேலி பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வரும். மணிமேடைப் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கினால் ஊர் பஸ் சுசீந்திரம் தாண்டுவதற்குள் படித்துவிடுவான். அதற்குப் பிறகுதான் அது பூங்கனி கைக்குப் போகும்.

வாசகசாலையில் அவன் இந்தக் கதையைப் பற்றிப் பேசியும் இருந்தான். மணல் ஏறியதால் நம்பிக்கை போயிற்றா, நம்பிக்கை போனதால் மணல் ஏறியதா என்று கேட்டு, அழிந்த நாகரிகங்களை வரிசையாகச் சொல்லி, நல்ல கைதட்டு வாங்கினான். வெளியே வந்ததும் கூட்டாளி கிருஷ்ணமணி தோளில் தட்டினான்.

"பேச்சு கொள்ளாம் மக்கா. ஆனா ஒனக்கு அந்த ஆதிநாதனப் பிடிக்குமா பிடிக்காதான்னு கடைசிவரை பிடிகிட்டலியே."

ஜெபதாஸ் சிரித்து மழுப்பினான். பதில் சொன்னால் வேறொன்றையும் சொல்லவேண்டி வரும். கல்லூரி நாட்களில் ஒருநாள் ஜெபத்துக்குக் கண்ணை மூடினான்; எதிரே கேட்பதற்கு யாரும் இல்லை. அதன் பிறகு யாரும் வரவும் இல்லை. குடும்ப ஜெபத்தில் உதட்டை மட்டும் அசைத்துவந்தான். வெளியே தெரிந்தால் மிஷன் வேலை போகும். அப்பா உடைந்துபோவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவில் படி இறங்கும்போது, பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்தும் நேசம்மாள் அவனை நிறுத்தினாள்.

"சாரே, ஒங்க ஆதிநாதன் இப்பம் எப்படி இருக்காரு?"

"யாரு?"

"விசுவாசத்துல தளந்து கிடக்காருன்னு பூங்கனி சொல்லுவாளே, அவருதான். மூணு கூட்டமா ஜெபிக்கோம். பேரச் சொல்லும்போ அவ அழுதிருவா, பாத்துக்கிடுங்க. எங்களுக்கும் கண்ணு நெறைஞ்சிரும். பேரு அம்பலத்துல சாமி கும்பிடுகவரு பேரு மாதிரி இருக்கு. எவரானா என்ன, ஆத்துமா ஆத்துமாதான. ஒங்க கூட்டுக்காரரா?"

"பழக்கம் உண்டு" என்றான் ஜெபதாஸ்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தான். "ஏட்டி, கதையில வாறவனுக்கு ஜெபமா? ஊரு சிரிக்கும்."

"ஒருத்தரும் சிரிக்கலியே. அழுதாவ" என்றாள் பூங்கனி.

அன்றிலிருந்து அவனுக்குள் ஒரு முள். அவனுக்கும் ஆதிநாதனுக்கும் ஒரே நோய். அந்த நோய்க்காக அங்கே ஒருவனுக்கு ஒரு சபையே கண்ணீர் விடுகிறது, இங்கே ஒருவன் வாயைத் திறக்கவும் வழியில்லாமல் கிடக்கிறான். கஞ்சி ஊற்றும்போதுகூட, "பாவம், அவருக்கு எண்ணெ தீந்துபோச்சே" என்பாள். படம் வரைந்தவர் வேறு ஆதிநாதனுக்கு அகன்ற மார்பாகப் போட்டிருந்தார். ஜெபதாஸ் அந்தப் பக்கத்தைக் கிழித்து, அதில் உழுந்தவடை வைத்துத் தின்றான்.

கடைசி அத்தியாயம் வந்தது. பஸ்ஸில் படித்தான். ஆதிநாதன் தன் கையாலேயே விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் இறங்கிப் போய்விடுகிறான். ஜெபதாஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை நினைத்து வெட்கப்படுவதற்குள் மயிலாடி வந்துவிட்டது.

பத்திரிகையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். பூங்கனி முழங்காலிட்டு, "ஆண்டவரே, ஆதிநாதன..." என்று தொடங்கினாள்.

"முடிஞ்சாச்சு" என்றான்.

அவள் கண்ணைத் திறந்தாள். "என்னது?"

"ஒன் ஆதிநாதன். அவனே வெளக்க அணைச்சிட்டுப் போயிட்டான். நீங்க எல்லாரும் கூடி ஜெபிச்சதுக்கு இதாக்கும் பதிலு."

பூங்கனி அவன் பக்கம் திரும்பினாள். "தனியாவா போனாரு?"

"தனியாத்தான்."

"அவருக்குப் பெண்டாட்டி இல்லியே" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "ஜெபத்துல ஒங்க வாயி மட்டும் அசையுது. கல்யாணம் ஆன மறுமாசமே நான் கண்டுட்டேன்" என்றாள்.

ஜெபதாஸ் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினான்.

"கூட்டத்துல எப்படிச் சொல்ல? ஒங்க பேர நான் வாயால சொல்லப்பிடாது. வீட்டுக்காரருன்னு சொன்னா நேசம்மாக்கா நேரா கோவில் உபதேசியாருட்ட போயிருவா, ஒங்க வேலையும் போயிரும். அப்பம்தான் இந்தக் கதை வந்துது. அவருக்கும் அதே சீக்கு. அவரு பேர வச்சே கேட்டேன்."

அவன் நெஞ்சில் ஏதோ இளகிற்று. மறுகணமே அந்த முள் திரும்ப நிமிர்ந்தது.

"அப்பம் அழுததெல்லாம் எனக்கா?"

பூங்கனிக்குப் பொய் சொல்ல வராது. யோசித்தாள். "முதல்ல அவருக்குத்தான். பொறவு ஒங்களுக்கும். ஒரே வாயாலதான ரெண்டு பேருக்கும் கேட்டேன், யாருக்கு எவ்வளவுன்னு நாழி வச்சா அளக்க முடியும்? பத்திரிகையத் தாங்க."

கொடுத்தான். விளக்கருகே உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரல் ஓட்டிப் படித்தாள். ஆதிநாதன் திரியை அணைக்கும் இடத்தில் அவள் விரல் நின்றது. கண்ணீர் தாளில் விழுந்தது. இது தனக்கில்லை என்பதில் ஜெபதாஸுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் மீண்டும் முழங்காலிட்டாள். "ஜெபம் பாதியில நிக்குதுல்லா" என்றாள். "ஆண்டவரே, ஆதிநாதன் இருட்டுக்குள்ள எறங்கிப் போறாரு..."

ஜெபதாஸ் கண்ணை மூடினான். இந்தமுறை உதட்டை அசைக்கவில்லை. அந்தப் பெயரை அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும், அதில் தன் பங்கு எவ்வளவு என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.