ஈர ட்ரே கிழியாமல் தூக்க: சக்‌ஷன் ஹெட்டோடு திருச்சியில் இரண்டு நாள்

துறையூருக்கு வெளியே நான்கு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு சின்ன யூனிட்டில் நான் சூப்பர்வைசர். பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கி, முப்பது முட்டை பிடிக்கும் ட்ரே செய்கிறோம். ஐப்பசிக் கடைசியில் ஒரு வியாழனும் வெள்ளியும் இந்த வேலையாகத் திருச்சி போய் வந்தேன். இதே தொழிலில் இருப்பவர்கள் இதே காரணத்துக்காகத் திருச்சிக்கு பஸ் ஏறக்கூடும் என்பதால் நேரம், செலவு, தூரம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். கோயில் தரிசனத்துக்காக வந்தவர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

முதலில் காரணம். எங்கள் மெஷினில் வலை போர்த்திய அச்சு ஒன்று கூழ்த் தொட்டிக்குள் மூழ்கி எழும். அச்சுக்குக் கீழேயிருந்து பம்ப் உறிஞ்சும்போது தண்ணீர் வலை வழியே இறங்கிவிட, கூழ் மட்டும் ட்ரே வடிவத்தில் மேலே படியும். அந்த ஈர ட்ரேயைக் கையால் தூக்க முடியாது. தொட்டால் விரல் பதியும். அதனால் மேலேயிருந்து துளைகள் போட்ட ஓர் அலுமினியத் தலை இறங்கி, அதை உறிஞ்சித் தூக்கிக் காயவைக்கும் பலகையில் வைக்கும். அதுதான் சக்‌ஷன் ஹெட்.

மழை தொடங்கி ஒரு வாரத்தில் எங்கள் ஹெட் தூக்கும்போது ட்ரேக்கள் கிழிய ஆரம்பித்தன. பத்துக்கு நான்கு, சில நாள் ஐந்து. மெஷினில் ஆறு வருடமாக நிற்பவர் செல்வராணி அக்கா. முதலாளி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமையிலேருந்து செல்வராணி களத்துக்குப் போகட்டும். மெஷினுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். களம் என்றால் ட்ரேக்களை வெயிலில் திருப்பிப் போடும் வேலை. கூலி குறைவு, மழைக்காலத்தில் பாதி நாள் வேலையே இருக்காது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ட்ரேக்கு ஹெட்டை இறக்கினார்.

முதலாளியிடம் எதுவானாலும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவது என் பழக்கம். அன்றைக்கு நேரிலேயே சொன்னேன். "சார், ஹெட்லதான் கோளாறு. சனிக்கிழமைக்குள்ள வேற ஹெட் பண்ணிக் கொண்டு வரேன்." அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "கிழியலைன்னா செல்வராணி இங்கயே நிக்கட்டும்" என்றார்.

வியாழன் காலை 6.10-க்குத் துறையூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நாற்பது ரூபாய். ஒரு கையில் ஒன்பது கிலோ பழைய ஹெட், சாக்கில் சுற்றியது. இன்னொரு கையில் எவர்சில்வர் தூக்கு. அதற்குள், அன்று காலை அச்சிலிருந்து வெட்டி எடுத்த ஈர ட்ரேத் துண்டுகள். லேத் பட்டறைக்காரருக்கு ஈர ட்ரே எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும் அல்லவா? மண்ணச்சநல்லூர் தாண்டும்போது தூக்கின் மூடி வழியே தண்ணீர் கசிந்து பஸ்ஸின் தரையில் ஓடியது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, மீனா? மீனுன்னா பின்னாடி போயிடு."

"மீன் இல்லண்ணே. காகிதம்."

"காகிதத்துல தண்ணி எங்கேருந்தும்மா வரும்?"

முன் சீட்டிலிருந்த அம்மா திரும்பி, தூக்கைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். துண்டுகள் எல்லாம் குழைந்து சாம்பல் நிறக் களியாகியிருந்தன. "அய்ய, இதைத் திங்கப் போறியா?" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்ளிடத்தைப் பார்த்தேன். கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் போவதாக இருந்தால் இதை முதலில் மனதில் வையுங்கள்: ஈர ட்ரே ஊர் விட்டு ஊர் வராது. ஹெட்தான் ஈர ட்ரே இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

7.45-க்குச் சத்திரம். அங்கிருந்து துவாக்குடி போகும் டவுன் பஸ்ஸில் அரியமங்கலம், அரை மணி நேரம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. ஸ்டாப்பிலிருந்து பட்டறை ஒரு கிலோமீட்டர். சுமையோடு நடக்க முடியாமல் ஆட்டோ பிடித்தேன், அறுபது ரூபாய்.

பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். நாற்பது வயதிருக்கும். புது ஹெட்டுக்காக நான் தாளில் வரைந்திருந்த படத்தை விரித்துக் காட்டினேன். பழைய ஹெட்டில் துளைகள், முட்டை உட்காரும் குழிகளின் நுனியில் இருந்தன. அங்கேதான் கூழ் மிக மெல்லிசாகப் படியும். அந்த இடத்தில் துளை இல்லாமல், ஓரப் பட்டையிலும் குழிகளுக்கு நடுவிலும் துளை போட்டு, மேலே நைலான் வலை ஒட்ட வேண்டும் என்றேன். பழையதில் கை வைக்க வேண்டாம், புதிதாக ஒன்று வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது வேண்டும் என்றும் சொன்னேன். அவரிடம் இதே அளவு வார்ப்பு ஒன்று தயாராக இருந்தது.

"படம் நீ போட்டதாம்மா?"

"ஆமா பாய்."

"மாஷா அல்லாஹ். இங்க வர்றவங்க எல்லாம் சிகரெட் அட்டைல வரைஞ்சு கொண்டாருவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வா, இன்ஷா அல்லாஹ் ரெடியா இருக்கும்."

நான் போகவில்லை. துளை தவறான இடத்தில் விழுந்தால் இன்னொரு நாள் கிடையாது. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு துளைக்கும் படத்தைச் சரிபார்த்தேன். "மேஸ்திரி வேலை பாக்கறியே" என்று பாய் இரண்டு தடவை கிண்டல் செய்தார். மூன்றாவது தடவை ஒரு துளை நாலு மில்லிமீட்டர் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்ததை நான் காட்டியபோது, டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆறு மணிக்கு, மாதிரிக்காக என் பையில் கொண்டுபோயிருந்த காய்ந்த ட்ரே ஒன்றை வைத்து, பட்டறை பம்ப்பில் மாட்டிப் பார்த்தோம். தூக்கியது. ஆனால் காய்ந்த ட்ரேயைப் பழைய ஹெட்டும் தூக்கியது. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. "ஈர ட்ரேக்கு எங்க போறது பாய்?" என்றேன். அவர் போனை எடுத்தார். ஜீயபுரத்தில் கோமதி என்று ஒருவர் இதே கம்பெனி மெஷின் வைத்திருக்கிறார், ஹெட் போல்ட் அளவும் ஒன்றுதான், காலையில் வரச் சொல்கிறார் என்றார். தெரியாதவர் மெஷினில் போய் நின்று சோதனை செய்ய எனக்குத் தயக்கமாக இருந்தாலும், சரி என்று சொல்லிவிட்டேன்.

அன்று தங்கியது ஸ்ரீரங்கத்தில், என்னோடு காலேஜில் படித்த வைஷ்ணவி வீட்டில். சத்திரத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ், இருபது நிமிடம். வெள்ளை வேட்டிக் கூட்டத்துக்கு நடுவே, இரண்டு சாக்கு மூட்டையோடு அடையவளஞ்சான் தெருவில் நடந்தேன். சமைத்ததைப் பெருமாளுக்குப் படைக்க இருந்த வைஷ்ணவியின் அம்மா வாசலிலேயே, "வாம்மா. தளிகை ஆயிடுத்து. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டு இலை போட்டுடறேன். என்ன மூட்டை அது?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் முட்டை என்ற சொல்லை எப்படிச் சொல்வது? "காகிதத் தட்டு செய்யற மெஷினோட பார்ட்டு, மாமி" என்றேன்.

வைஷ்ணவி உள்ளேயிருந்து கத்தினாள். "முட்டை ட்ரேம்மா அது!"

எனக்குக் காது சுட்டது. மாமி என் பையிலிருந்த காய்ந்த மாதிரி ட்ரே ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "முட்டையை இன்னும் வைக்கலையோன்னோ? அப்பறம் என்ன. எலுமிச்சம்பழம் அடுக்க நன்னா இருக்குமே, ரெண்டு கொடுத்துட்டுப் போ." கொடுத்தேன். சாப்பிட்டபின் ஊஞ்சல் உற்சவம் சேவிக்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை; நாளைக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதிவிட்டுப் படுத்தேன்.

வெள்ளி காலை 7 மணிக்குக் கிளம்பி, சத்திரத்தில் பேட்டைவாய்த்தலை டவுன் பஸ் பிடித்து, 8.20-க்கு ஜீயபுரத்தில் இறங்கினேன். ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். இறங்கியதும் வாழைத்தோட்டம். அதன் ஓரமாகவே யூனிட்.

கோமதி அக்கா இரண்டு ஹெட்டையும் பார்த்துவிட்டு, "ஒரு தலை போதாதுன்னு ரெண்டு தலையோட வந்திருக்கியா?" என்றார். "மெஷின் ஒரு மணி நேரம் உனக்கு. அதுக்கு மேல என் ஆளுங்க சும்மா நிப்பாங்க."

முதலில் பழைய ஹெட்டை மாட்டி நானே ஓட்டினேன். பத்தில் ஐந்து கிழிந்தது. எங்கள் யூனிட்டில் நடப்பது போலவே. புது ஹெட்டை மாட்டினேன். பத்தில் மூன்று கிழிந்தது. குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. மூன்று கிழிந்தாலும் முதலாளி சம்மதிக்கமாட்டார். மறுபடி பத்து ஓட்டினேன். மறுபடி மூன்று. துளைகளைப் பார்க்கப் புது ஹெட்டைக் கழற்றினேன்.

இருபது நிமிடம் போயிருந்தது. "நகரு, நான் பாக்கறேன்" என்று கோமதி அக்கா வந்தார். "எந்தத் தலை, அக்கா?" "எதுவாவது மாட்டு." அவசரத்தில், பக்கத்தில் கிடந்த பழையதையே மாட்டிவிட்டேன். அவர் ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. எதுவும் கிழியவில்லை. பத்தாவதில் ஒன்று ஓரத்தில் லேசாகப் பிய்ந்தது.

"பழைய தலையே நல்லாத்தானே தூக்குது? பாய்க்கு வேலை குடுக்கணும்னு வேண்டுதலா?"

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, இன்னும் ரெண்டு ஓட்டுங்க." ஓட்டினார். ஹெட் இறங்கி ட்ரேயைத் தொட்ட நொடியில் அவருடைய இடது கை அச்சுக்குக் கீழே இருக்கும் வால்வை மூடியது. அதற்குப் பிறகுதான் மேல் வால்வைத் திறந்தார்.

"கீழ் வால்வை ஏன்கா மூடறீங்க?"

"மூடாம எப்படிம்மா தூக்கறது? கீழயும் உறிஞ்சி மேலயும் உறிஞ்சினா அது யாரோட போகும்?"

எங்கள் யூனிட்டில் கீழ் வால்வை மூடுவதில்லை. மழை தொடங்கியதும் ட்ரே காயவில்லை என்று முதலாளி தவித்தபோது, கடைசி நொடி வரை கீழே உறிஞ்ச விட்டால் தண்ணீர் அதிகம் இறங்கும், அரை நாள் முன்னதாகவே காயும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் நான். அது உண்மையும்கூட. முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கீழ் வால்வை மூடக் கூடாது என்று மெஷினுக்கு மேலே போர்டில் பெரிதாக எழுதி வைத்தவளும் நான்தான். இரண்டாம் நாளே செல்வராணி அக்கா, "பாப்பா, ரெண்டு பக்கமும் இழுக்குது" என்று சொன்னார். ஹெட்டின் துளையைச் சொல்கிறார் என்று நினைத்து, "பாக்கறேன்கா" என்று சொல்லிவிட்டு நான் பார்க்கவேயில்லை. இரண்டு வாரமாக என் போர்டில் எழுதியபடி செய்ததற்கு அவர் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

மீதி நேரத்தை வீணாக்கவில்லை. புது ஹெட்டில், கீழ் வால்வை மூடி, இருபது ஓட்டினேன். ஒன்றுகூடக் கிழியவில்லை, ஓரமும் பிய்யவில்லை. அதன்பின் கீழ் உறிஞ்சலை நான்கு நொடி கூடுதலாக விட்டு, மூடிவிட்டுத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீரும் இறங்கியது, ட்ரேயும் முழுதாக வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன். 9.30-க்கு மெஷினை ஒப்படைத்தேன்.

வாழைத்தோட்ட வரப்பில் நின்று முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, அதில் புது ஹெட் இருந்தது, துளை இருந்தது, வால்வு இருந்தது, நான் இல்லை. "வால்வு முறை மாற்றப்பட வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அழித்துவிட்டுப் போன் செய்தேன்.

"சார், ட்ரே கிழியல. சரியாயிடுச்சு."

"வெரி குட். புது ஹெட்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். செல்வராணி அக்கா மெஷினிலேயே இருந்திருப்பார். ஆனால் இரண்டு வாரமாக வாங்கிய திட்டு அவர் கணக்கிலேயே நின்றிருக்கும்.

"புது ஹெட் நல்லா இருக்கு சார். ஆனா கிழிஞ்சதுக்குக் காரணம் நான் எழுதின போர்டு. கீழ் வால்வை மூடாதீங்கன்னு எழுதினது தப்பு. அக்கா மேல தப்பே இல்ல."

"இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் எல்லார் முன்னாடியும்தானே அந்தம்மாவைத் திட்டினேன்?" என்றார்.

"எல்லார் முன்னாடியும் நான் சொல்றேன் சார்."

11 மணி பஸ்ஸில் சத்திரம், அங்கிருந்து துறையூர். இரண்டரைக்கு வீடு.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வியாழனன்று போனால் ஒரு நாள் கைவசம் இருக்கும். அரியமங்கலத்துப் பட்டறைகளில் வெள்ளி மதியம் பலரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். ஹெட்டின் போல்ட் அளவைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சுமை ஒன்பது கிலோவுக்கு மேல் என்றால் தோளில் மாட்டும் பை கொண்டு போங்கள். என் விரல்களில் சாக்குக் கயிற்றின் தடம் இரண்டு நாள் இருந்தது. பழைய ஹெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்; அது இல்லாமல் போயிருந்தால் எனக்கு எதுவும் புரிந்திருக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால், பஸ் ஏறுவதற்கு முந்தின நாள், மெஷினில் நிற்பவரிடம் போய் என்ன ஆகிறது என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள். என் பயணச் செலவு முழுவதும் அதில் மிச்சமாகியிருக்கும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எல்லோரும் டீ குடிக்கும்போது, மெஷின் பக்கத்தில் நின்று சொல்ல ஆரம்பித்தேன். பதினொரு பேர் இருந்தார்கள். எதிரே முதலாளி. மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. செல்வராணி அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன பாப்பா முணுமுணுக்கறே? ஒண்ணும் கேக்கல."

டீ நேரத்தில்கூட எங்கள் மெஷினை நிறுத்தமாட்டோம். நிறுத்தினால் தொட்டியில் கூழ் அடியில் படிந்துவிடும். அக்கா போய் சுவிட்சை அணைத்தார். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

"இப்ப சொல்லு" என்றார் அக்கா.

முதலிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.