உறைந்த தேங்காய் எண்ணெய்

கராஜில் மகள் தன் பனிச்சறுக்குப் பலகையான ஸ்னோபோர்டின் அடியில் மெழுகு தேய்த்தாள். எனக்கோ தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் அமெரிக்க ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கின் கடைகளில் ஸ்னோபோர்டே கிடையாது. யாரோ தூக்கிப்போட்ட இரண்டு மர ஸ்கீ கட்டைகளை அப்பா சேர்த்துத் திருகாணி முடுக்கி, முனையில் துணிக்கொடிக் கயிற்றைக் கட்டினார். பனியில் வைத்தால் நகரவே இல்லை. அம்மா குளிரில் உறைந்திருந்த தேங்காய் எண்ணெயைச் சுரண்டி அடியில் பூசினாள்.

"யார் முதல்ல?" என்ற அப்பா இரண்டடி பின்வாங்கினார்.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கத்திக்கொண்டே சரிவில் பறந்து, பக்கத்து வீட்டு வேலிச்செடிக்குள் விழுந்தாள். பதறி ஓடினோம். உள்ளேயிருந்து சிரிப்புதான் வந்தது.

"கயித்தப் புடிச்சு இழுங்க, இன்னொரு தடவை போகணும்!"

அன்று இருட்டும்வரை எனக்கு முறை வரவே இல்லை.

மகளிடம் பலகையைக் கேட்டேன்.

"மாம், ஆர் யூ சீரியஸ்?"

அதற்குள் ஏறி நின்றுவிட்டேன்.